புற்றுநோய்ச் சிகிச்சையின்போது அக்குபங்சர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் புற்றுநோய்ப் பிரிவில் செவிலியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள் நான். சாட்ஸ்வர்த், பீனிக்ஸ், டொங்காட் பக்கம் கோயிலிலோ கல்யாண வீட்டிலோ என்னைப் பார்ப்பவர்கள், மெல்லிய ஊசிகளை உடலில் குத்தும் சீன மருத்துவ முறையான அக்குபங்சரைப் பற்றி ஒரே சந்தேகங்களைத் திரும்பத் திரும்பக் கேட்பதால், அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். கேள்விகள் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே இருக்கின்றன. இது பொதுவான விளக்கம் மட்டுமே. உங்கள் உடல்நிலைக்கான முடிவை உங்கள் புற்றுநோய் மருத்துவருடன் பேசித்தான் எடுக்க வேண்டும்.

அக்கா, இந்த ஊசி போட்டா கேன்சர் போயிடுமா?

போகாது. அக்குபங்சர் கட்டியைக் கரைக்கும், பரவலைத் தடுக்கும், ஆயுளை நீட்டும் என்பதற்கு நம்பத்தகுந்த சான்று எதுவும் இல்லை. அறுவை சிகிச்சை, கீமோ, ரேடியேஷன், ஹார்மோன் மாத்திரை ஆகியவற்றுக்கு மாற்றாக இதைச் செய்யலாம் என்று ஒருவர் சொன்னால், அவர் எவ்வளவு பெரிய சான்றிதழைச் சுவரில் மாட்டியிருந்தாலும் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள். தொடக்க நிலையில் குணப்படுத்தியிருக்கக்கூடிய நோய், இப்படிப்பட்ட பேச்சை நம்பிக் காத்திருந்த மாதங்களில் கைமீறிப் போவதை வார்டில் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் எதுக்குத்தான் இதைச் செய்யறாங்க?

நோயும் சிகிச்சையும் தரும் தொல்லைகளைக் குறைப்பதற்காக. எல்லாத் தொல்லைக்கும் இது ஒரே அளவு உதவுவதில்லை. மார்பகப் புற்றுநோய்க்கு ஹார்மோன் மாத்திரை உண்ணும் பெண்களின் மூட்டு வலிக்குத்தான் சான்று வலுவாக இருக்கிறது. அதற்கு அடுத்தபடியாகத் தசை, எலும்பு சார்ந்த நாள்பட்ட வலியையும், கீமோவினால் வரும் குமட்டலையும் சொல்லலாம். சோர்வு, தூக்கமின்மை, திடீரென உடல் கொதிக்கும் உணர்வு, வாய் வறட்சி, கை கால் மரத்துப்போதல் ஆகியவற்றில் சிலருக்குப் பலன் தெரிகிறது. ஆனால் ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை.

ஆகவே ‘அக்குபங்சர் நல்லதா?’ என்று பொதுவாகக் கேட்பவரிடம், ‘உங்களுக்கு எது தொல்லை தருகிறது?’ என்றுதான் நான் முதலில் கேட்பேன்.

ஊசிக்குள்ள மருந்து இருக்குமா? ரொம்ப வலிக்குமா?

மருந்து எதுவும் இல்லை; ஊசியில் துளையே கிடையாது. ரத்தம் எடுக்கும் ஊசியைப் போல் வெட்டு முனை இல்லாமல், கம்பி போல் மெல்லியதாக, பெரும்பாலும் 0.16 முதல் 0.30 மில்லிமீட்டர் கனத்தில் இருக்கும். சிறு பிளாஸ்டிக் குழலுக்குள் வைத்துத் தோலின் மேல் நிறுத்தி, விரலால் ஒரு தட்டுத் தட்டுவார்கள். பிறகு குழலை உருவிவிட்டு ஊசியைத் தேவையான ஆழத்துக்கு இறக்குவார்கள். நுழையும்போது எறும்பு கடித்தது போல் இருக்கும். இறங்கியபின் ஒரு கனமோ, மந்தமான இழுப்போ தோன்றுவது இயல்பு. சுரீரென்று மின்சாரம் பாய்ந்தது போலிருந்தால் பொறுத்துக்கொள்ளாமல் உடனே சொல்லுங்கள்; ஊசி நரம்பை ஒட்டியிருக்கலாம்.

இருபது, முப்பது நிமிடம் ஊசிகளோடு படுத்திருக்க வேண்டும். சிலர் ஊசிகளை ஒரு சிறு கருவியோடு இணைத்து மெல்லிய மின்னோட்டம் கொடுப்பார்கள். பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் முன்கூட்டியே சொல்லி, அந்த முறையைத் தவிர்க்க வேண்டும்.

இது எப்படி வேலை செய்யுது? நரம்பா, இல்ல ஏதோ சக்தியா?

சீன மருத்துவ நூல்கள், உடலில் ‘சீ’ என்னும் உயிராற்றல் குறிப்பிட்ட தடங்களில் ஓடுகிறது என்றும், ஊசி அந்த ஓட்டத்தைச் சீர்செய்கிறது என்றும் விளக்குகின்றன. அந்தத் தடங்களை உடற்கூற்றில் யாரும் கண்டதில்லை. ஆய்வகங்கள் கண்டது வேறு: ஊசி குத்துவதால் உடல் தன் வலிநிவாரணிகளான எண்டார்பின்களை வெளியிடுகிறது. அபின் வகை மருந்துகளின் வேலையைத் தடுக்கும் நலாக்சோனைக் கொடுத்தால் ஊசியின் வலிக்குறைப்பும் மங்குகிறது என்பது 1970களிலேயே தெரியவந்தது. ஊசி திருகப்படும் இடத்தில் அடினோசின் என்னும் பொருள் கூடி வலியைக் குறைப்பதை 2010இல் எலிகளில் காட்டினார்கள். முழு விளக்கம் இன்னும் கிடைக்கவில்லை. என்னைப் பொறுத்தவரை, தடங்களை நம்புகிறவரும் நம்பாதவரும் இதனால் பலன் பெறலாம். நோயாளிக்கு அந்த வாதம் தேவையில்லை.

கீமோ முடிஞ்சு வந்தா ஒரே குமட்டல். மாத்திரையை விட்டுட்டு ஊசி போட்டுக்கலாமா?

மாத்திரையை விடாதீர்கள். ஒண்டான்செட்ரான் போன்ற இன்றைய மருந்துகள் வாந்தியைத் தடுப்பதில் அக்குபங்சரைவிட நம்பகமானவை. ஊசி அவற்றோடு சேர்ந்து வரும் துணை. 1997இல் அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனம் கூட்டிய நிபுணர் குழு, அறுவைக்குப் பின்னும் கீமோவுக்குப் பின்னும் வரும் குமட்டல், வாந்திக்கு அக்குபங்சர் பலன் தருவதாக ஏற்றுக்கொண்டது. மேற்கத்திய மருத்துவர்கள் இதைத் திரும்பிப் பார்த்ததற்கு அந்த அறிக்கை ஒரு முக்கியக் காரணம்.

ஊசியே இல்லாமலும் செய்து பார்க்கலாம். உள்ளங்கை மேலே தெரியும்படி கையை வையுங்கள். மணிக்கட்டு மடியும் கோட்டிலிருந்து மூன்று விரல் அகலம் முழங்கைப் பக்கம் தள்ளி, இரண்டு தசைநார்களுக்கும் நடுவே உள்ள பள்ளம்தான் ‘நெய்குவான்’ என்னும் பி6 புள்ளி. அதைக் கட்டைவிரலால் இரண்டு மூன்று நிமிடம் அழுத்தமாக, ஆனால் நோகாமல் அழுத்த வேண்டும். கப்பல் பயணத்தில் குமட்டாமலிருக்க மருந்துக்கடையில் விற்கும் குமிழ் வைத்த கைப்பட்டையும் இதே இடத்தைத்தான் அழுத்துகிறது. வாந்தி நிற்காமல் தண்ணீர்கூடத் தங்கவில்லை என்றால் இதில் நேரத்தைப் போக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

லெட்ரோசோல் சாப்பிட ஆரம்பிச்சதிலிருந்து காலைல எழுந்தா முட்டியும் விரலும் மடங்க மாட்டேங்குது. அதுக்குக் கேக்குமா?

இந்த ஒரு தொல்லைக்கு நான் தயங்காமல் ‘செய்து பாருங்கள்’ என்று சொல்வேன். லெட்ரோசோல், அனஸ்ட்ரோசோல், எக்ஸெமெஸ்டேன் ஆகிய மாத்திரைகள் உடலில் ஈஸ்ட்ரோஜன் உருவாவதைத் தடுத்து நோய் திரும்பும் வாய்ப்பைக் குறைக்கின்றன. ஐந்து ஆண்டு, சிலருக்கு அதற்கு மேலும் உண்ண வேண்டும். ஈஸ்ட்ரோஜன் இறங்கும்போது மூட்டுகள் இறுகி வலிக்கின்றன. சட்னி அரைக்கவும், பொத்தான் போடவும், காரின் கியரை மாற்றவும் முடியாமல் போகிறது. வலி பொறுக்காமல் மாத்திரையை யாரிடமும் சொல்லாமல் நிறுத்திவிடுபவர்கள் பலர். மருத்துவரிடம் ‘சாப்பிடுகிறேன்’ என்றுதான் சொல்வார்கள். ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

இதை முறையாகச் சோதித்த பெரிய ஆய்வு 2018இல் வெளிவந்தது. அமெரிக்காவில் 11 மையங்களில் 226 பெண்கள் கலந்துகொண்டார்கள். ஒரு குழுவுக்கு உண்மையான அக்குபங்சர், இன்னொரு குழுவுக்குப் புள்ளி அல்லாத இடங்களில் ஆழமில்லாமல் குத்தும் போலி அக்குபங்சர், மூன்றாவது குழு காத்திருப்போர். முதல் ஆறு வாரம் வாரத்துக்கு இரண்டு முறை, அடுத்த ஆறு வாரம் வாரத்துக்கு ஒரு முறை. பத்துக்கு இத்தனை என்று வலியை மதிப்பிட்டதில், ஆறாவது வார முடிவில் உண்மை ஊசிக் குழுவில் வலி சராசரியாக 2.05 புள்ளி குறைந்தது. போலி ஊசிக் குழுவில் 1.07, காத்திருந்தவர்களிடம் 0.99. வலி அடியோடு போய்விடவில்லை. ஆனால் ஏழில் இருந்த வலி ஐந்துக்கு இறங்கினால் மாத்திரையைத் தொடர முடியும் என்பதுதான் கணக்கு. அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் சங்கமும் ஒருங்கிணைந்த புற்றுநோய் மருத்துவச் சங்கமும் சேர்ந்து 2022இல் வெளியிட்ட வழிகாட்டி, இந்த மூட்டு வலிக்கு அக்குபங்சரைப் பரிந்துரைக்கிறது.

ஊசியோடு தினமும் நடையும், விரல்களுக்கு எளிய பயிற்சியும் சேர்ந்தால் நல்லது. அப்படியும் தாங்கவில்லை என்றால் மாத்திரையை வேறொன்றாக மாற்ற மருத்துவரால் முடியும், கேளுங்கள்.

போலி ஊசியிலயும் கொஞ்சம் குறையுதே, அப்ப எல்லாம் மனசுதானா?

நியாயமான கேள்வி. மேலே சொன்ன ஆய்வில் போலி ஊசி பெற்றவர்களும் சும்மா காத்திருந்தவர்களும் ஏறக்குறைய ஒரே நிலையில் நின்றார்கள். உண்மை ஊசி தனியாக விலகி நின்றது. ஆகவே அங்கே எல்லாவற்றையும் மனதின் கணக்கில் எழுத முடியாது.

எல்லா இடத்திலும் அப்படி நடப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். தலை, கழுத்துப் பகுதிக்கு ரேடியேஷன் பெறுபவர்களின் வாய் வறட்சியைத் தடுக்க முடியுமா என்று ஷாங்ஹாயிலும் ஹூஸ்டனிலும் சேர்த்து 399 பேரிடம் சோதித்த ஆய்வு 2019இல் வெளியானது. இரண்டு ஊர்க் கணக்கையும் சேர்த்துப் பார்த்தபோது, வழக்கமான கவனிப்பைவிட உண்மை ஊசி மேலாக இருந்தது. பிரித்துப் பார்த்தபோதோ, ஷாங்ஹாயில் உண்மை ஊசி போலி ஊசியை மிஞ்சியது, ஹூஸ்டனில் மிஞ்சவில்லை. எதிர்பார்ப்பு, பழக்கம், ஊசி போடுபவர் பேசும் விதம் எல்லாம் முடிவில் கலக்கின்றன. வாய் வறட்சிக்கு ஊசியை மட்டும் நம்பி, பல் மருத்துவரைப் பார்க்காமல் இருந்துவிடாதீர்கள்.

கீமோவுக்கு அப்புறம் பாதம் பஞ்சு மேல நடக்கற மாதிரி மரத்துப்போச்சு. ஊசி போட்டா உணர்ச்சி வருமா?

பாக்லிடாக்ஸல், ஆக்ஸாலிபிளாட்டின் போன்ற மருந்துகள் நரம்பு நுனிகளைப் பாதிப்பதால் இது வருகிறது. சிறு ஆய்வுகளில் எரிச்சலும் வலியும் குறைந்திருக்கின்றன. இழந்த உணர்ச்சி திரும்பும் என்று உறுதி சொல்லும் நிலையில் சான்று இல்லை. வலியோடு கூடிய மரத்தலுக்கு மருத்துவர்கள் டுலோக்ஸெடின் என்னும் மாத்திரையைத் தருவதுண்டு. அதையும் கேட்டுப் பாருங்கள்.

இங்கே நம்மவர்களுக்குத் தனியாக ஓர் எச்சரிக்கை. மரத்த காலுக்குச் சூடு தெரியாது. அக்குபங்சரோடு சேர்த்து ‘மோக்ஸா’ என்னும் மூலிகைத் திரியைக் கொளுத்திப் புள்ளியின் அருகே காட்டும் முறை உண்டு. உங்கள் பாதத்துக்கு அது வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஈஸ்டரை ஒட்டி நடக்கும் தீமிதியில் வேண்டுதல் இருக்கிறது என்று என்னிடம் சொன்னவர்களுக்கும் இதையே சொன்னேன். சுட்டது தெரியாமல் நடந்து, புண் பட்டு, அடுத்த கீமோ தள்ளிப்போவதை அம்மன் கேட்கமாட்டாள். பாலும் பூவும் போதும்.

ராத்திரி தூக்கமே இல்ல, உடம்பு கொதிக்குது, பகல்ல எழுந்திருக்கவே முடியல. மூணுக்கும் சேர்த்துச் செய்யலாமா?

செய்யலாம், ஆனால் எதிர்பார்ப்பை அளவோடு வையுங்கள். தூக்கமின்மையைப் பொறுத்தவரை, சிகிச்சை முடிந்த 160 பேரிடம் நடந்து 2019இல் வெளியான ஆய்வில், ஊசியும் தூக்கப் பழக்கங்களை மாற்றும் அறிதல்-நடத்தைப் பயிற்சியும் ஒப்பிடப்பட்டன. இரண்டும் உதவின, பயிற்சிதான் முந்தியது. உடல் கொதிப்புக்குச் சிலருக்கு ஊசி உதவுகிறது. சோர்வுக்கு நல்ல சான்றுள்ள மருந்துகளில் ஒன்று உடற்பயிற்சி. ரத்தசோகையும் தைராய்டு குறைவும்கூடச் சோர்வாகத்தான் தெரியும். ஆகவே ரத்தப் பரிசோதனை முதலில், ஊசி பிறகு.

ரத்த அணு கம்மியா இருக்குன்னு சொன்னாங்க. அப்பவும் குத்தலாமா?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். கீமோ போட்டபின் ஏறக்குறைய 7 முதல் 14 நாளுக்குள் வெள்ளணுக்களும், ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களும் (பிளேட்லெட்) மிகக் கீழே இறங்கும். வெள்ளணு குறைந்தால் சிறு துளைகூடத் தொற்றுக்கு வழியாகலாம். தட்டணு குறைந்தால் ரத்தக்கசிவு நிற்காது. வெள்ளணுக்களில் ஒரு வகையான நியூட்ரோஃபிலின் எண்ணிக்கை, ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 500க்குக் கீழே இருந்தால் ஊசி வேண்டாம். ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டிய தட்டணு 50,000க்குக் கீழே போனால் மருத்துவரைக் கேட்காமல் கூடாது. 20,000, 25,000 என்று இறங்கிவிட்டால் பல மையங்கள் தொடுவதே இல்லை. வார்ஃபாரின், எனாக்ஸாபாரின் போன்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து எடுப்பவர்களும் அதைச் சொல்லியாக வேண்டும்.

கடைசி ரத்தப் பரிசோதனைத் தாளை ஒவ்வொரு முறையும் கையோடு கொண்டுபோங்கள். அதைக் கேட்டு வாங்கிப் பார்க்கும் அக்குபங்சர் மருத்துவர் நல்லவர் என்பது என் கணிப்பு. உடல்வெப்பம் 38 டிகிரியைத் தொட்டால் எந்த ஊசிக்கும் போகாமல் நேராக அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

எங்க எங்க குத்தக்கூடாது?

கட்டியின் மேலோ அதற்கு மிக அருகிலோ, ரேடியேஷனால் புண்ணான தோலில், ஆறாத அறுவைத் தழும்பில், மார்பில் பதித்த கீமோ போர்ட்டைச் சுற்றி, புற்று பரவி முதுகெலும்பு வலுவிழந்த இடத்தில் குத்தக்கூடாது. மார்பின் மேலும் தோளுக்குப் பின்னாலும் ஆழமாகக் குத்தினால் நுரையீரல் உறையில் காற்று புகும் அபாயம் உண்டு. இது மிக அரிது. ஆனால் ஊசிக்குப் பின் மூச்சுத் திணறினால் காத்திருக்காதீர்கள்.

மார்பு எடுத்த பக்கம் கை வீங்கியிருக்கு. அந்தக் கையில போட்டா வீக்கம் வடியுமா?

வடியும் என்று எதிர்பார்த்து நடத்திய ஆய்வில் குறிப்பிடத்தக்க பலன் கிடைக்கவில்லை. அக்குளில் நிணநீர் முடிச்சுகளை எடுத்திருந்தால், வீக்கம் இல்லாவிட்டாலும் அந்தக் கையைத் தவிர்ப்பதே பாதுகாப்பு. எதிர்க் கையிலும் காலிலும் போதுமான புள்ளிகள் இருக்கின்றன. வீக்கத்துக்கு அழுத்தப் பட்டையும் நிணநீர் மசாஜ் தெரிந்த பிசியோதெரபிஸ்டும்தான் வழி.

வருஷா வருஷம் காவடிக்கு அலகு குத்திக்கறேன், எனக்கு ஒண்ணும் ஆகல. இந்தச் சின்ன ஊசி என்ன செய்யும்?

நல்ல உடல்நிலையில் இருந்தபோது குத்திக்கொண்ட அலகையும், கீமோவுக்கு நடுவில் குத்தும் ஊசியையும் ஒன்றாக எண்ணக்கூடாது. ரத்த அணு பற்றிய பதிலில் சொன்னவை அலகுக்கு இன்னும் கடுமையாகப் பொருந்தும். அலகு பல மடங்கு தடிமனானது, ஆற்றங்கரையில் வைத்துக் குத்தப்படுகிறது, பல மணி நேரம் உடலில் இருக்கிறது. சிகிச்சை நடக்கும் ஆண்டில் தைப்பூசத்துக்கு அலகு இல்லாமல் பால்குடமோ, வெறும் காவடியோ எடுக்கலாம். கோயில் பூசாரிகளில் பலர் இதைத் தாங்களே சொல்கிறார்கள்.

எச்ஐவி, மஞ்சள் காமாலை எல்லாம் ஊசியால பரவுமே?

பயன்படுத்திய ஊசியை மறுபடி பயன்படுத்தினால் எச்ஐவியும், மஞ்சள் காமாலைக்குக் காரணமான ஹெப்படைட்டிஸ் பி-யும் பரவ வழி உண்டு. ஒருமுறை மட்டும் பயன்படும், கிருமி நீக்கிய ஊசியில் அந்த அச்சம் இல்லை. உறையை உங்கள் கண்முன் பிரிக்கச் சொல்லுங்கள். முடிந்ததும் ஊசிகள் மூடியுள்ள மஞ்சள் டப்பாவுக்குள் போகின்றனவா என்று பாருங்கள். கேட்டால் கோபப்படுபவரிடம் இரண்டாம் முறை போகத் தேவையில்லை.

யாரிடம் போறது? மசாஜ் பார்லர்லகூடப் போர்டு மாட்டியிருக்காங்க.

தென்னாப்பிரிக்காவில் 1982ஆம் ஆண்டின் 63ஆம் எண் சட்டத்தின்படி, அக்குபங்சர் மருத்துவரும் சீன மருத்துவரும் ஏஎச்பிசிஎஸ்ஏ எனப்படும் துணைச் சுகாதாரத் தொழில்கள் மன்றத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்டு, மன்றத்தில் சரிபார்க்கலாம். கேப் டவுனில் மேற்குக் கேப் பல்கலைக்கழகம் இந்தப் படிப்பை நடத்தியிருக்கிறது. சீனாவில் படித்து வந்தவர்களும் இருக்கிறார்கள்.

பிசியோதெரபிஸ்ட் செய்யும் ‘டிரை நீடிலிங்’ அதே ஊசியைக் கொண்டு இறுகிய தசை முடிச்சைக் குத்தும் வேறு முறை. தோள், கழுத்துப் பிடிப்புக்கு ஏற்றது. மேலே சொன்ன ஆய்வுகள் அதைச் சோதித்தவை அல்ல. பதிவுக்கு அப்பால் நான் பார்ப்பது, அவர் புற்றுநோயாளிகளைக் கவனித்துப் பழகியவரா என்பதுதான்.

கவர்மென்ட் ஆஸ்பத்திரியில கிடைக்குமா? மெடிக்கல் எய்ட் கட்டுமா?

அரசு மருத்துவமனைகளின் புற்றுநோய்ப் பிரிவுகளில் இது வழக்கமான சேவையாக இல்லை. மெடிக்கல் எய்ட் என்னும் தனியார் மருத்துவக் காப்பீட்டைப் பொறுத்தவரை, திட்டத்துக்குத் திட்டம் மாறும்; பெரும்பாலும் அந்தத் திட்டத்தில் உங்கள் பெயரிலுள்ள சேமிப்புக் கணக்கிலிருந்துதான் கழிப்பார்கள், புற்றுநோய்க்கான தொகையிலிருந்து அல்ல. முதல் அமர்வுக்கு முன்பே தொலைபேசியில் கேட்டு, மருத்துவரின் பிராக்டிஸ் எண்ணைச் சொல்லி உறுதி செய்யுங்கள். கையில் பணம் குறைவு என்றால், ஸ்கேனுக்கும் போக்குவரத்துக்கும் ஒதுக்கியதைத் தொடாதீர்கள்.

புரட்டாசி விரதத்துல போகலாமா?

மரக்கறி உணவால் ஒரு தடையும் இல்லை. வெறும் வயிற்றோடு போவதுதான் தவறு. ஊசியின்போது தலைசுற்றி மயங்கி விழுபவர்களில் பலர் சாப்பிடாமல் வந்தவர்கள். சனிக்கிழமை ஒருவேளை மட்டும் உண்பவர் வேறு நாளில் போகலாம்.

ஊசியோட சேர்த்து ஒரு பொடியும் கொடுத்தார். மூலிகைதானே, டாக்டர்கிட்ட சொல்லணுமா?

ஊசி போடுவதையும் சொல்ல வேண்டும், பொடியைக் கட்டாயம் சொல்ல வேண்டும். ஊசி கீமோ மருந்தோடு மோதுவதில்லை, மூலிகை மோதலாம். கல்லீரல் மருந்தைச் சிதைக்கும் வேகத்தைச் சில மூலிகைகள் கூட்டியோ குறைத்தோ விடுகின்றன. அரிஸ்டோலோக்கியா வகைச் செடிகள் சேர்ந்த சீன மருந்துகள் சிறுநீரகத்தைக் கெடுத்து, சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயையே உண்டாக்கியிருக்கின்றன. இங்கே ‘கேன்சர் புஷ்’ என்று விற்கும் சதர்லாண்டியா மூலிகைக்கும், ‘ஆப்பிரிக்க உருளைக்கிழங்கு’ என்னும் மூலிகைக் கிழங்குக்கும், நம் வீட்டு மஞ்சள் மாத்திரைக்கும் இதே விதிதான். குழம்பில் போடும் மஞ்சளைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். பொட்டலத்தையே மருத்துவரிடம் எடுத்துப் போய்க் காட்டுங்கள். திட்டுவார் என்று பயந்து மறைப்பவர்கள்தான் அதிகம்.

எத்தனை தடவை போட்டா தெரியும்? எப்ப நிறுத்தறது?

மூட்டு வலி ஆய்வின் கால அளவையே அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். ஆறு வாரத்தில் எந்த மாற்றமும் இல்லை என்றால் நிறுத்திவிடுங்கள். காலையில் எழுந்ததும் வலிக்குப் பத்துக்கு எத்தனை என்று நாட்காட்டியில் குறித்து வந்தால், ‘பரவாயில்லை போலிருக்கிறது’ என்ற மயக்கத்துக்கு இடமிருக்காது. குத்திய இடத்தில் நீலம் பாய்வது சாதாரணம். சில நாளில் மறையும்.

அப்பாவுக்கு முத்திப்போச்சு, படுக்கையில இருக்கார். வீட்டுக்கு வந்து போடச் சொல்லலாமா?

வலியும் குமட்டலும் குறைய வேண்டும் என்ற நோக்கத்தில் சொல்லலாம். மார்ஃபினை நிறுத்தவோ தள்ளிப்போடவோ கூடாது. இறுதிக்கால நோயாளிகளைக் கவனிக்கும் ஹாஸ்பிஸ் செவிலியருக்கும் தெரிந்திருக்க வேண்டும். எலும்பும் தோலுமாக மெலிந்தவருக்குக் குறைந்த ஊசிகள், ஆழமில்லாமல், குறைந்த நேரம் போதும். நினைவு தடுமாறுபவர் கையை உதறுவார், ஊசியோடு புரண்டு படுப்பார். அவருக்கு ஊசி வேண்டாம். பி6 புள்ளியை விரலால் அழுத்தும் முறையைப் பிள்ளைகளே கற்றுக்கொண்டு செய்யலாம்.

வீட்டில் ஆக்ஸிஜன் வைத்திருந்தால் மோக்ஸா கொளுத்தவே கூடாது. சாம்பிராணியும் கற்பூரமும் அந்த அறைக்கு வெளியேதான். ஊசி போட்டவர் கிளம்புவதற்கு முன், குத்தியவை எத்தனை, எடுத்தவை எத்தனை என்று அவரோடு சேர்ந்து எண்ணிப் பாருங்கள். போர்வை மடிப்பில் ஒன்று விழுந்து கிடந்தால் இரவில் படுக்கையை மாற்றுபவர் கையில்தான் ஏறும்.